மழலையும் மானமும்

மனிதன் தன் வாழ்நாளில் இருமுறை மழலை பேசக்கூடும். முதல் மழலை தாயின் மடியில் பிறக்கிறது. அதனைக் கேட்போர் மகிழ்கின்றனர். சொல் சிதைந்தாலும் அச்சிதைவையே அழகென்று கொண்டாடுகின்றனர். இரண்டாம் மழலை அயல்நாட்டில் பிறக்கிறது. முப்பது வயதுடைய ஒருவன் பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்று, அந்நாட்டு மொழியில் சோறும் நீரும் கேட்கத் தொடங்கும்போது, அவன் நாவில் குழந்தைமை மீண்டும் குடியேறுகிறது. அவனுடைய மழலையைக் கேட்டு மகிழ்வோர் சிலர், நகைப்போர் பலர், சினம் கொள்வோரும் உளர். இரண்டும் மழலையே. ஒன்றுக்கு முத்தமும் மற்றொன்றுக்கு ஏளனமும் கிடைப்பது ஏன்? வளர்ந்த மனிதன் ஒருவன் பிறர் முன்னிலையில் சிறியவனாய் நிற்க நேரும்போது, அவன் மானத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

இவ்வினாவை ஆராய்வதற்குச் செலாயாங் தக்கதோர் ஊர். கோலாலம்பூரின் வடபால், பத்துமலைக்கும் கெப்போங்கிற்கும் அண்மையில், ரவாங் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. நிலத்தடியிலிருந்து ஊறிவரும் சுடுநீர்க் குளம் இவ்வூரின் பழம்பெருமை. தலைநகருக்கே காய்கறியும் மீனும் வழங்கும் மொத்த விற்பனைச் சந்தை இதன் இன்றைய அடையாளம். ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் வாழ்வளித்த காலம் மாறி, வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்கூடங்களும் சூழ்ந்த வட்டாரமாக இஃது இன்று விளங்குகிறது. இங்கு வாழும் தமிழர்களின் முன்னோர் இந்நாட்டிற்கு வந்தபோது மலாய் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் சிலர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜப்பானுக்குச் சென்று, மற்றுமொரு மொழியில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றனர்.

இப்பயணத்திற்கு அரசே வழிவகுத்த ஆண்டு 1982. அன்றைய பிரதமர் மகாதீர் அவ்வாண்டின் தொடக்கத்தில் 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். மேலை நாடுகளை மட்டுமே முன்மாதிரியாகக் கொள்ளாமல், ஜப்பானியர், கொரியர் ஆகியோரின் உழைப்பொழுக்கத்தையும் தொழில்நுட்பத்தையும் கற்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். அவ்வாண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பான் செல்லும் மாணவர்களுக்கான ஆயத்தப் பயிற்சி தொடங்கப்பெற்றது. அன்று முதல் இக்கொள்கையின்கீழ் ஜப்பானில் கல்வியோ பயிற்சியோ பெற்ற மலேசியர் 20,000க்கும் மேற்பட்டோர். 1984இல் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு தொடங்கியது. 2010 முதல் அஃது ஐந்து நிலைகளாக நடைபெறுகிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான், குறிப்பிட்ட திறனுடைய அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கெனத் தனியொரு நுழைவுரிமையை ஏற்படுத்தி, அடிப்படை மொழியறிவை அதற்குரிய தகுதிகளுள் ஒன்றாக்கியது. முதியோர் பெருகி இளையோர் குறையும் அந்நாட்டிற்கு வேலையாட்கள் தேவை. வேலையாட்களுக்கோ அந்நாட்டு மொழி தேவை.

இவ்வளவும் பொருளியல் செய்தி. ஆயின், மலேசியத் தமிழன் ஒருவன் ஜப்பானிய மொழி நூலைக் கையில் எடுக்கும்போது, அவனுக்குப் பின்னால் ஒரு வரலாறு நின்று அவனை நோக்குகிறது. அதனைக் காணாதவன்போல் கடந்து செல்வது அறமாகாது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தைக் காட்டத் தொடங்கின. 1942ஆம் ஆண்டு 2602 ஆயிற்று. மீண்டும் திறக்கப்பட்ட பள்ளிகளில் 'நிப்பொங்கோ' என்னும் ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களே அம்மொழியை அறியார். தாம் கற்றதன் ஈரம் உலர்வதற்கு முன்பே அதனை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவராயினர். மொழித் தேர்வில் தேறிய ஊழியர்க்குப் படித்தொகை உண்டு. பசி கடுமையாக இருந்த அந்நாளில், வயிற்றின் பொருட்டு மொழி பயின்றோரைக் குறை கூறுவார் யார்?

அதே காலத்தில் தோட்டப் பாட்டாளிகள் வேறொரு பள்ளியில் அம்மொழியைக் கற்றனர். அப்பள்ளியின் பெயர் சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. மேலைநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரும் அதில் வருத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் தமிழர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுவோர் உளர். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்ப் பாட்டாளிகளுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முறையாக இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களே அவர்களுக்கு எழுந்த கல்லறை வாசகங்கள் எனலாம்.

அம்முகாம்களில் காலையும் மாலையும் எண்ணிக்கை எடுக்கப்படும். வரிசையில் நிற்போர் ஒருவர் பின் ஒருவராக 'இச்சி, நி, சான், ஷி' என்று ஜப்பானிய மொழியில் எண் சொல்ல வேண்டும். தன் முறை வரும்போது நா தடுமாறியவனுக்குக் கன்னத்தில் அறை விழும். எழுத்தறியாத பாட்டாளி ஒருவன் அம்மொழியில் கற்ற முதற்பாடம் அவ்வெண்கள். அவனுக்குக் கிடைத்த திருத்தம் அவ்வறை. மழலைக்கு அடி விழுந்த காலம் அது.

ஆனால் வரலாறு ஒரே நிறத்தில் எழுதப்படுவதில்லை. அதே போர்க்காலத்தில் சுபாஷ் சந்திர போஸ், தென்கிழக்காசிய இந்திய இளைஞர் 45 பேரைத் தேர்ந்தெடுத்து, போர்ப்பயிற்சி பெறுவதற்காகத் தோக்கியோவிற்கு அனுப்பினார். 'தோக்கியோ பயிற்சி வீரர்கள்' என்று வரலாறு அவர்களைக் குறிக்கும். அவர்களும் அந்நாட்டில் அம்மொழியின் தொடக்க மாணவர்கள். ஆயின் விடுதலைக் கனவோடு கற்றனர். மலாயாப் பள்ளிச் சிறுவன் அச்சத்தோடு கற்றான். சயாமில் பாட்டாளி வலியோடு கற்றான். தோக்கியோவில் இளைஞன் நம்பிக்கையோடு கற்றான். மொழி ஒன்றே, 'இச்சி' என்றால் மூவருக்கும் ஒன்று என்பதே பொருள். வேறுபட்டது, கற்பித்தவனுக்கும் கற்றவனுக்கும் இடையே இருந்த உறவு.

ஈண்டுதான் முதல் அறவினா எழுகிறது. தாத்தனை அடித்தவர் மொழியைப் பேரன் விரும்பிக் கற்கலாமா? கற்பது மறதியாகாதா?

மொழிக்குக் குற்றமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அஃது உண்மையே ஆயினும் முழு விடையன்று. ஆங்கிலேயரும் இந்நாட்டை ஆண்டவரே. சஞ்சிக்கூலி முறையிலும் கங்காணி முறையிலும் தமிழரைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, லயங்களில் அடைத்து, பால்மரக் காட்டில் உழைக்கச் செய்தது அவ்வாட்சியின் பொருளியலே. எனினும், ஆங்கிலம் கற்பதை மறதி என்று எவரும் பழித்ததில்லை. பெருமை என்றே கருதினர். ஆக, வெறுப்பும் விருப்பும் நாம் கருதும் அளவுக்கு நடுநிலை வாய்ந்தவை அல்ல. நீண்ட காலம் ஆண்டவன் மொழி பழகிப்போகிறது; மூன்றரை ஆண்டு ஆண்டவன் மொழி வடுவாகவே நின்றுவிடுகிறது. மேலும், கன்னத்தில் அறையும் வழக்கம் அப்படைக்குள்ளேயே வேரூன்றியிருந்தது. மேலதிகாரி கீழ்நிலை வீரனை அறைந்தான். அவ்வீரன் தனக்குக் கீழே அகப்பட்ட கைதியையும் கூலியையும் அறைந்தான். கொடுமை மேலிருந்து கீழே வழிந்தது. அதனைச் சொல்வதால் அறைந்தவன் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான். குற்றம் ஆட்சியின் அமைப்பிலும் அறைந்த கையிலும் இருந்ததேயன்றி, அவன் பேசிய மொழியின் வேற்றுமை உருபுகளில் இருந்ததன்று என்பது மட்டும் தெளிவாகும்.

மறதி பற்றிய அச்சத்திற்கு வேறொரு விடை உண்டு. ஒரு மொழியைக் கற்றவனே அம்மொழியாரிடம் முறையிட வல்லவன். சயாம் இருப்புப் பாதையில் மாண்ட தமிழ்ப் பாட்டாளியைப் பற்றி ஜப்பானிய இளைஞன் ஒருவனிடம், அவனுடைய சொந்த மொழியில், வெறுப்பின்றியும் மறைப்பின்றியும் எடுத்துரைக்க யாரால் இயலும்? அம்மொழியின் அரிச்சுவடியைப் பொறுமையாகக் கற்ற பேரனால் இயலும். கல்லாதவன் நினைவு அவன் வீட்டிற்குள்ளேயே தங்கிவிடும். கற்றவன் நினைவு கடல் கடந்து செல்லும். நினைவைக் காப்பதற்கு மொழியைத் துறக்க வேண்டுவதில்லை. பல வேளைகளில் மொழியைக் கற்றே நினைவைக் காக்க வேண்டியுள்ளது.

இனி, கற்போனின் நிலையைக் காண்போம். தமிழன் ஜப்பானிய நூலைத் திறந்ததும் முதலில் வியப்பு அவனை வரவேற்கிறது. உயிரெழுத்துகள் ஐந்து, அவை நிற்கும் முறை அ, இ, உ, எ, ஒ. பௌத்தத்தோடு சென்ற இந்திய ஒலியியல் மரபின் தாக்கம் அவ்வரிசையில் படிந்துள்ளது. ஹிராகானா, காத்தாகானா என்னும் இருவகை அசையெழுத்துகளிலும் அடிப்படை வடிவங்கள் நாற்பத்தாறு நாற்பத்தாறே. 247 எழுத்துகளை ஓதிப் பழகியவனுக்கு அது சுமையன்று. அதன்பின் வரும் கான்ஜி என்னும் சீன வரிவடிவங்களே மலை. பொதுப் பயன்பாட்டிற்கென 2010இல் வரையறுக்கப்பட்டவை 2,136. ஜப்பானியக் குழந்தையே தொடக்கப்பள்ளி ஆறாண்டில் 1,026 வடிவங்களைத்தான் கற்கிறது. பகலெல்லாம் தொழிற்கூடத்தில் நின்றுவிட்டு இரவில் நூலைத் திறக்கும் அயலான், அக்குழந்தைக்கும் பின்னால் நிற்கிறான்.

எழுத்து அச்சுறுத்தினாலும் இலக்கணம் அவனுக்கு ஆறுதல் அளிக்கிறது. வினைமுற்று இறுதியில் நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வருகிறது; 'வீட்டிலிருந்து' என்பது 'இயே காரா'. சுட்டும் வினாவும் ஓர் ஒழுங்கில் அமைகின்றன: 'கோரே, சோரே, ஆரே, தோரே'. இவை இது, உது, அது, எது என்னும் நான்கிற்கும் நிகரானவை. தமிழகப் பேச்சில் பெரிதும் மறைந்துவிட்ட 'உது' யாழ்ப்பாணத் தமிழரிடம் இன்றும் வழங்குவது. பிரிக்பீல்ட்சில் அவர்களோடு பழகியவனுக்குச் 'சோரே' உடனே விளங்கும். 'தாபேதே மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. 'ஷிதே ஓகு' என்றால் 'செய்து வை'. ஆங்கிலத்தின் வழியாக இவற்றைக் கற்போன் நீண்ட விளக்கம் தேடுவான். தமிழின் வழியாகக் கற்போன் ஒரு நொடியில் உணர்வான்.

இவற்றினும் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. வீட்டை விட்டுப் புறப்படும் தமிழன் 'போகிறேன்' என்று சொல்ல நாக் கூசுவான். 'போய் வருகிறேன்' என்பான். ஜப்பானியரும் புறப்படும்போது 'இத்தே கிமாஸ்' என்கின்றனர். அதன் பொருளும் போய் வருகிறேன் என்பதே. வீட்டிலிருப்போர் 'இத்தே ராஷ்ஷாய்', அதாவது போய் வாருங்கள், என்று விடையளிக்கின்றனர். திரும்பி வரும் உறுதியைப் பிரிவுச் சொல்லிலேயே பொதிந்து வைத்த இரு மக்கள் இவர்கள். சயாமிற்குக் கொண்டு செல்லப்பட்டோரும் தம் வீட்டாரிடம் போய் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பர். அவர்களைக் காவல் காத்த வீரனும் தன் தாயிடம் அதே பொருளுடைய சொல்லைச் சொல்லியே கப்பலேறியிருப்பான். ஒருவன் சொல் மற்றவனுக்கு விளங்கியிருந்தால் உயர்ந்த கை தாழ்ந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. அதற்கு உறுதி கூற இயலாது; மொழி விளங்கியும் கொடுமை செய்தோர் உண்டு.

இவ்வொற்றுமைகளைக் கண்ட ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), 1980இல் சென்னைக்கு வந்து தமிழ் ஆய்ந்து, இரு மொழிகளுக்கும் தொன்மைத் தொடர்பு உண்டென்று பல நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் கொரியம், துருக்கியம் எனப் பலவுண்டு; அமைப்பு ஒத்திருப்பது மட்டும் குருதியுறவுக்குச் சான்றாகாது. தமிழர் இதனால் வருந்த வேண்டுவதில்லை. உறவினன் என்று மெய்ப்பித்த பின்னரே ஒருவனை மதிப்போம் என்றால், அம்மதிப்பு அறமாகாது. அயலானை அயலானாகவே வைத்து மதிப்பதுதான் பண்பாட்டின் உயர்நிலை.

வியப்பும் ஆறுதலும் சில திங்கள் நீடிக்கும். அதன்பின் அன்றாட வாழ்வு தன் பாடத்தைத் தொடங்கும். அயல்நாட்டில் வேலை செய்துகொண்டே மொழி பயில்வோன், ஊரில் பொறியியலோ கணக்கியலோ கற்றுத் தெளிந்தவனாக இருக்கலாம்; தமிழில் நயம்படப் பேசுவோனாக இருக்கலாம். அங்கோ அவன் அஞ்சலகத்தில் படிவம் ஒன்றை நிரப்பப் பிறர் தயவை நாடுகிறான். மருத்துவரிடம் வலியின் இடத்தை விரலால் காட்ட முடிகிறது. வலியின் தன்மையைச் சொல்ல முடிவதில்லை. தொழிற்கூடத்தில் 'அபுனாய்' என்று யாரேனும் கூவினால், ஆபத்து என்னும் அதன் பொருள் மூளைக்கு எட்டும் முன்னரே உடல் விலக வேண்டும். அவன் பெயரும் அவனோடு முழுமையாக வருவதில்லை. லகர ரகர வேறுபாடு அம்மொழியில் இல்லாமையால் 'லட்சுமி' வேறு ஒலி பெறுகிறாள். ழகரம் தன்னிடத்தை இழக்கிறது. ஆயின் இதற்காகச் சினம் கொள்ளுதல் தகாது. அயற்பெயர்களைத் தமிழோசைக்கு இயையத் திரித்து வழங்குவது தமிழின் தொன்மரபும் அன்றோ?

நகைப்பை விட நுட்பமான புண் ஒன்றுண்டு. அது பாராட்டால் வருவது. இரண்டு வாக்கியம் பேசியவுடனே 'உங்கள் ஜப்பானியம் மிக நன்று' என்று அந்நாட்டார் புகழ்வர். புகழ்வோர் உள்ளம் பெரும்பாலும் தூயதே. ஆயினும் பத்தாண்டு அங்கு வாழ்ந்த பின்னும் அதே புகழ்ச்சியைக் கேட்போனுக்கு, தான் இன்னும் வாயிலிலேயே நிற்கும் விருந்தினன் என்பது புலனாகும். நன்கு பேசுகிறாய் என்பதைவிட, நீ சொன்னது சரி, அல்லது நீ சொன்னது தவறு என்று கருத்துக்கு விடையளிப்பதே அவனுக்கு மெய்யான மதிப்பு. சொல்லின் வடிவை மட்டும் கேட்பவன் அவனைக் குழந்தையாக்குகிறான். சொல்லின் பொருளைக் கேட்பவன் அவனை மனிதனாக ஏற்கிறான்.

இவ்வுண்மையை நல்லாசிரியர்கள் அறிவர். மாணவன் செய்யும் பிழை, அவன் சிந்தித்ததன் சுவடு. ஜப்பானியத்தில் ஒருவகைப் பெயரடை தானே காலம் காட்டும். 'விலை அதிகமாக இருந்தது' என்பதற்குத் 'தாகாகத்தா' என்று வர வேண்டிய இடத்தில், தொடக்க மாணவன் 'தாகாய் தெஷிதா' என்பான். பெயர்ச்சொல்லுக்குத் தான் கற்ற விதியை அவன் பெயரடைக்கும் நீட்டிவிட்டான். அவன் விதி அறியாதவன் அல்லன். ஒரு விதியை அறிந்து, அதன் எல்லையை அறியாதவன். அவனை நோக்கி நகைப்பவன் அறியாமையை நகைப்பதாக எண்ணிக்கொண்டு, அறிவு வளரும் வழியையே நகைக்கிறான். கன்னத்தில் விழும் அறை எண்களை மனப்பாடமாக்கலாம். விதியின் எல்லையைக் கற்பிக்காது.

வயிற்றுக்காக மொழி கற்பது இழிவு என்று கருதுவோரும் உளர். இலக்கியச் சுவைக்காகக் கற்பதே உயர்வு என்பது அவர்தம் வாதம். அயல்மொழியைச் சுவைக்காகக் கற்றோரைத் தமிழுலகம் நன்கறியும். நொபோரு கராஷிமா (1933–2015) 1960களின் தொடக்கத்தில் தமிழகம் வந்து கற்று, சோழர் காலக் கல்வெட்டுகளில் துறைபோகிய அறிஞரானார்; 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக விளங்கினார். அம்மாநாட்டுத் தொடரின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூரலாம். சூசோ மாட்சுநாகா ஆங்கிலத்தின் வழியாகத் திருக்குறளை ஜப்பானியத்தில் பெயர்த்து 1981இல் வெளியிட்டார். தகனோபு தகஹாஷி 1999இல் அதனைத் தமிழிலிருந்தே பெயர்த்தார். கராஷிமாவும் தகஹாஷியும் ஒரு நாள் தமிழில் மழலை பேசியவர்களே. அவர்கள் ழகரத்தில் தடுமாறியபோது தமிழர் அவர்களை அன்போடு ஏற்றனர். மழலை பேசியவர் பல்கலைக்கழகத்தார் ஆயின் அதனை ஆர்வம் என்கிறோம். கூலித் தொழிலாளி ஆயின் அதனை அறியாமை என்கிறோம். வேறுபாடு நாவில் இல்லை. கேட்போன் செவியில் இருக்கிறது. வயிற்றுக்காகக் கற்பவனே ஒவ்வொரு சொல்லையும் வியர்வை சிந்தி வாங்குகிறான். அவன் கற்றலில் இழிவு எங்கே உள்ளது?

இவ்விடத்தில் சிந்தனை மீண்டும் செலாயாங்கிற்குத் திரும்ப வேண்டும். ஜப்பானில் மலேசிய இளைஞன் எந்நிலையில் இருக்கிறானோ, அந்நிலையில் இங்கே பல்லாயிரவர் உளர். விடியற்காலையில் மொத்த விற்பனைச் சந்தைக்குச் செல்வோர் அவர்களைக் காண்பர். மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா எனப் பல நாடுகளிலிருந்து வந்து, முட்டைக்கோஸ் மூட்டையும் மீன்பெட்டியும் சுமப்போர் அவர்கள். இந்தோனேசியர் நீங்கலாக ஏனையோருக்கு மலாய் முற்றிலும் புதிது. எண்களையும் வசைகளையும் முதலில் கற்கின்றனர். அவையே அவர்கள் காதில் மிகுதியாக விழுகின்றன. கடையைக் குறிக்கும் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல்லை அவர்கள் பழகும்போது, தமிழ்க் 'கடை'யையே தாம் உச்சரிப்பதை அறியார். கப்பலும் கட்டிலும் அவ்வாறே மலாயில் கலந்தவை. முன்னர்க் கடல் கடந்து வந்தோரின் சொற்கள், பின்னர்க் கடல் கடந்து வந்தோரின் வாயில் வாழ்கின்றன.

2020 ஏப்ரலில் கொவிட் தொற்று பரவியபோது, இச்சந்தையைச் சூழ்ந்த குடியிருப்புகள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. நோயைத் தடுக்க அந்நடவடிக்கை தேவைப்பட்டிருக்கலாம். ஆயின் வேலிக்குள் இருந்து, ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பில் பாதி விளங்காமல் நின்றவனின் உள்ளத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சயாம் முகாமின் காலை வரிசையில், தன் எண் எதுவென்று விளங்காமல் நின்ற தமிழனின் உள்ளத்தை அறிந்தவர்க்கு, இவனுடைய அச்சமும் விளங்க வேண்டும். இரண்டு துன்பங்களும் அளவில் ஒன்றல்ல. ஒப்பிட்டுச் சமன் செய்வது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். எனினும் விளங்காத மொழியின் முன்னால் நிற்கும் மனிதனின் தனிமை ஒன்றே.

தாத்தன் அறைபட்ட கதையைச் சொல்லிக் கண்கலங்கும் குடும்பத்தார், மறுநாள் சந்தையில் அயல்நாட்டுத் தொழிலாளி விலையைத் தவறாகச் சொன்னான் என்று அவனுடைய உச்சரிப்பைத் திரித்துப் பேசி நகைப்பாராயின், அக்கண்ணீரின் பயன் யாது? துன்பத்தின் நினைவு இருவகையில் பயன்படக்கூடும். 'எமக்கு இழைத்தனர்' என்னும் கணக்காக மட்டும் அதனை வைத்திருக்கலாம். 'இதனை யாருக்கும் இழையோம்' என்னும் உறுதியாகவும் வளர்க்கலாம். முன்னது நினைவை முதுமையடையச் செய்யும். பின்னது அதனை அறமாக்கும்.

விருந்தினனுக்குக் கடமை இல்லையா என்ற வினா எழலாம். உண்டு. தான் வாழும் நாட்டு மொழியைக் கற்பது அந்நாட்டாருக்குச் செய்யும் மரியாதை. பத்தாண்டு வாழ்ந்தும் நன்றி என்னும் சொல்லைக் கூடக் கற்காதவன், அந்நாட்டைச் சம்பளம் வழங்கும் முகப்பாக மட்டுமே கருதுகிறான். ஜப்பானிய ஆசிரியர்கள் அயலார்க்குப் பணிவு வடிவமாகிய 'மாஸ்' ஈற்று வினைகளையே பெரும்பாலும் முதலில் கற்பிக்கின்றனர். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டோடு வளர்ந்த தமிழனுக்கு அதன் நியாயம் எளிதில் புலப்படும். மரியாதையிலிருந்தே மொழி தொடங்குகிறது. ஆயின் மரியாதை ஒருவழிப் பாதையன்று. கற்போன் பணிவோடு முதற்சொல்லை எடுத்தால், கேட்போன் பொறுமையோடு அதனை ஏற்க வேண்டும். கற்பது விருந்தினன் கடன். அவன் கற்று முடிக்கும் வரை அவன் மானத்தைக் காப்பது வீட்டுக்காரன் கடன். ஒரு கடன் தவறினும் மற்றது நிறைவேறாது.

வேறொரு மொழியில் தொடக்க மாணவனாய் நிற்பது, தன்னைப் பெரியவன் என்று எண்ணியிருந்தவனுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. தன் அறிவு எவ்வளவு தூரம் தன் மொழியின் கொடை என்பதை அப்போதுதான் அவன் உணர்கிறான். திக்கிப் பேசுவோனுக்குள் தெளிந்த சிந்தனை இருக்கக்கூடும் என்பதையும் தன் அனுபவத்தால் அறிகிறான். அவ்வறிவோடு ஊர் திரும்புவோன், தொழிற்கூடத்தின் நுணுக்கத்தை மட்டும் கொண்டு வந்தால் அவன் கல்வி பாதிதான் நிறைந்தது. செலாயாங் சந்தையில் சுமை தூக்குவோன் ஒருவன் உடைந்த மலாயில் ஏதோ சொல்ல முயலும்போது, நின்று, அவன் சொல் முடியும் வரை காத்திருந்து, சொன்ன பொருளுக்கு விடையளிக்க அவன் கற்றிருந்தால், அக்கல்வி நிறைவுற்றது. மழலைக்கு இரங்கும் நெஞ்சு குழந்தைகளிடத்து எல்லார்க்கும் உண்டு. வளர்ந்தவர்களின் மழலைக்கும் அந்நெஞ்சு இடமளிக்கும் நாளில், எந்நாட்டில் எம்மொழியைக் கற்பினும் மனிதன் மானத்தோடு கற்பான்.